என் வாட்ச்சில் பதிமூன்று புள்ளி ஏழு

1995-ஆம் ஆண்டு ஜூன் மாதம். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளி மைதானத்தில், விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கும் ஓட்டப் பந்தயங்கள் நடந்தன. தேர்வானால் தங்குவதற்கு இடம், சாப்பாடு, படிப்பு எல்லாம் இலவசம். ராதாபுரம், சாத்தான்குளம் பக்கமிருந்தெல்லாம் பிள்ளைகள் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார்கள். அப்போது நான் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். இரண்டு பத்தி செய்தி எழுதத்தான் போயிருந்தேன்.

என் இடக்கையில் ஒரு கறுப்பு வாட்ச் இருந்தது. ரப்பர் பட்டை, தடித்த சட்டம், சுற்றி நான்கு பொத்தான்கள். மேலப்பாளையத்தில் வெளிநாட்டுச் சாமான் விற்கும் கடையில் வாங்கியது. ஆற்றில் குளித்தாலும் கழற்ற வேண்டாம், சைக்கிளிலிருந்து விழுந்தாலும் உடையாது என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். இரண்டையும் சோதித்துப் பார்த்துவிட்டேன். ஸ்டாப் வாட்ச் வசதியும் அதில் உண்டு. தலைவர் எத்தனை நிமிடம் பேசினார், ஊர்வலம் வண்ணார்பேட்டையைக் கடக்க எத்தனை நிமிடம் ஆனது என்றெல்லாம் அளந்து வைத்துக்கொள்வேன். என் செய்தியில் எண் தவறாது என்ற கர்வம் எனக்கு இருந்தது. அதற்கு அந்த வாட்ச்சும் ஒரு காரணம்.

பெண்களுக்கான நூறு மீட்டர் தொடங்கவிருந்த நேரத்தில், பள்ளிக்குச் சொந்தமான இரண்டு ஸ்டாப் வாட்ச்களில் ஒன்று செத்துப்போனது. தட்டிப் பார்த்தார்கள், வெயிலில் காட்டினார்கள், ஒருவர் வாயால் ஊதியும் பார்த்தார். கடைசியில் தேர்வுக்குப் பொறுப்பான உடற்கல்வி ஆசிரியர் என்னிடம் வந்தார்.

"அண்ணாச்சி, சும்மாதான நிக்கீய. உங்க கையில கெடக்கதுல நொடியெல்லாம் காட்டும்லா? வந்து கோட்டுல நில்லுங்க."

நின்றேன். விதிகளையும் அவரே சொன்னார். இரண்டு பேர் நேரம் பார்த்தால் இரண்டில் அதிகமான நேரம்தான் கணக்கு. ஓடுபவர் பதிமூன்றரை நொடிக்குள் எல்லைக் கோட்டைத் தாண்ட வேண்டும். ஓட்டம் தொடங்கும் கோடியில் ஒருவர் இரண்டு மரக்கட்டைகளைத் தலைக்கு மேல் தூக்கி அடிப்பார். கட்டைகள் சேர்வதைக் கண்ணால் பார்த்ததும் பொத்தானை அழுத்த வேண்டும். சத்தத்துக்காகக் காத்திருந்தால், அது நூறு மீட்டர் வந்து சேர்வதற்குள் கிட்டத்தட்ட நொடியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும், ஓட்டம் இருப்பதைவிட வேகமாகத் தெரியும். இது எனக்கு முன்பே தெரியும் என்பதை அவரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொன்னேன்.

முதல் தொல்லை ஓட்டத்தால் வரவில்லை. பார்க்க வந்தவர்களால் வந்தது. அந்த வருடங்களில் வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வருகிறவர்கள் எல்லோரும் ஆளுக்கு இரண்டு வாட்ச்சாவது கொண்டுவந்தார்கள். எல்லாவற்றிலும் ஸ்டாப் வாட்ச் இருந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற அப்பாக்களும் மாமாக்களும் தங்கள் தங்கள் பிள்ளைக்குத் தாங்களே நேரம் பார்த்தார்கள். ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் காய்கறிச் சந்தைபோல எண்கள் பறந்தன.

"எம் மவ பதிமூணு ரெண்டு வே! துபாய் வாட்ச்சு, தப்பாது!"

"துபாய்ல வாங்குனா ஓட்டம் வேகமாயிருமாக்கும்? அப்ப அமெரிக்காவுல வாங்கும், உம்ம மவ பறந்துருவா."

"ஏ, நீரு சும்மா இரும் வே. உம்ம பிள்ளைதான் இன்னும் வந்துக்கிட்டே இருக்கு."

ஒருவர் கயிற்றைத் தாண்டிவந்து தன் மணிக்கட்டை என் மூக்குக்கு நேரே நீட்டினார். அவர் வாட்ச்சில் அன்றைய தேதிதான் தெரிந்தது. இன்னொருவர் என் தோளுக்குப் பின்னால் நின்று, "அமுக்குங்க, அமுக்குங்க" என்று நான் அழுத்திய பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார். சட்டைப் பைக்குள் வெற்றிலைப் பொட்டலமும் கையில் வெள்ளி நிற வாட்ச்சுமாக நின்ற மேலப்பாளையத்து வியாபாரி ஒருவர் மட்டும் கத்தவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் தன் எண்ணை, கேட்காமலே, அமைதியாகச் சொன்னார். அது கத்தலைவிட எரிச்சலாக இருந்தது.

ஐந்தாவது ஓட்டத்தில் பதினேழாம் எண் அட்டை குத்தியிருந்த ஒரு பெண் ஓடினாள். பதினான்கு வயது இருக்கும். காலில் எதுவும் அணியவில்லை. எண்பது மீட்டரில் மற்றவர்களை விட்டுத் தனியாக வந்துவிட்டாள். நல்ல ஓட்டம் என்று எனக்குத் தெரிந்தது. செய்திக்கு ஒரு வரி கிடைத்தது என்றும் நினைத்தேன். அவள் கோட்டைத் தாண்டியபோது பொத்தானை அழுத்தினேன். அது இறங்கவில்லை. தெரியாமல் பட்டு அழுந்திவிடக் கூடாது என்று அந்த மாதிரி வாட்ச்களில் பொத்தானைச் சட்டத்துக்குள் புதைத்திருப்பார்கள். வியர்த்த கட்டைவிரல் சட்டத்தின் மேலேயே வழுக்கியது. மறுபடி அழுத்தினேன். நின்றது.

ஆசிரியரின் வாட்ச்சில் 13.4. என்னுடையதில் 13.68, அதாவது 13.7. அதிகமானதுதான் கணக்கு. பதினேழாம் எண் தேறவில்லை என்று பதிவேட்டில் கோடு விழுந்தது.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் கூச்சல் எழுந்தது. அந்தப் பெண்ணுக்குச் சொந்தமில்லாதவர்கள்கூடக் கத்தினார்கள். "என்ன வாட்ச்சு வே அது, தேர் மாதிரி ஊருது?" என்று ஒரு குரல். சிரிப்பு. மேலப்பாளையத்து வியாபாரி, "எனக்கும் பதிமூணு நாலுதான் வந்துச்சு தம்பி" என்றார்.

அவரிடம் திரும்பி, சத்தத்தைக் கேட்டு அழுத்தினால் அப்படித்தான் வரும் என்றேன். ஒலியின் வேகத்தைப் பற்றி ஒரு சிறு பாடமும் நடத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நான் என்ன சத்தத்தையா பாத்தேன்? கட்டை சேர்றதைத்தான் பாத்தேன்" என்றார்.

இரண்டாம் முறை அழுத்தியது எனக்குத் தெரியும். அந்தக் கணமே தெரியும். ஆனாலும் வாய் திறக்கவில்லை. ஒப்புக்கொண்டால் முந்தைய நான்கு ஓட்டங்களையும் கிளறுவார்கள் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவர்கள் கத்தக் கத்த, நான் சரியானவனாக ஆகிக்கொண்டே போனேன். தேதி காட்டும் வாட்ச்சை நீட்டியவர்களிடம் போய், என் வாட்ச்சில்தான் பிழை என்று சொல்வதா? வாக்குவாதம் நீண்டது. ஆசிரியர் சலித்துப்போய் டீ குடிக்கப் போனார். தொண்டை வறண்டு நான் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போனேன்.

குழாய்க்குப் பின்னால் பதினேழாம் எண்ணும் அவள் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். அட்டை இன்னும் சட்டையிலேயே இருந்தது. மடியில் வாழையிலைப் பொட்டலம். புளிச்சோறு. காலையிலிருந்து ஓட்டத்துக்காக வெறும் வயிற்றோடு இருந்தவள், எல்லாம் முடிந்துவிட்டது என்று அள்ளி அள்ளித் தின்றுகொண்டிருந்தாள். பொட்டலத்தில் பாதிக்கு மேல் காலி.

"கடைசில வந்து பைய நடக்கா. ஊருல நாலு பேரு பாத்துக்கிட்டு நிக்காங்கன்னு வெக்கம் மகாராணிக்கு" என்றாள் அம்மா.

"நான் ஒண்ணும் பைய ஓடலம்மா."

"ஓடலன்னா அந்த நம்பரு எங்கனேருந்து வந்துச்சு? மானத்துலேருந்து விழுந்துச்சா? அந்த பேப்பர்க்கார அண்ணாச்சி கையில அம்மாம் பெரிய வாட்ச்சு கெட்டியிருக்காரு. அது பொய்யா சொல்லும்? ரெண்டு நாளு பீடி வேலைய விட்டுட்டு உன்னையக் கூட்டியாந்தேன் பாரு, என்னையச் சொல்லணும்."

அந்தப் பெண் அடுத்த கவளத்தை வாயில் போட்டுக்கொண்டு தன் வலது முழங்காலைப் பார்த்தாள். அம்மா சொன்னதுபோலக் கடைசியில் தளர்ந்துவிட்டோமோ என்று அவளே யோசிப்பது தெரிந்தது. அன்று அந்த மைதானத்தில் என் எண்ணை நம்பியவர்கள் அந்த இருவர் மட்டும்தான்.

டீக்கடைக்கு நடந்துபோய் ஆசிரியரிடம் சொன்னேன். பொத்தான் முதல் முறை இறங்கவில்லை, இரண்டாம் முறைதான் நின்றது என்றேன்.

கிளாஸைக் கீழே வைத்தார். அதுவரை என்னை அண்ணாச்சி என்று அழைத்தவர், "என்னவே சொல்லுதீரு? இத இப்பம் வந்து சொல்லுதீரு! அப்ப வாயில கொழுக்கட்டையா இருந்துச்சு?" என்றார்.

மற்ற ஓட்டங்களில் சிக்கல் வரவில்லை. அவற்றில் ஓடியவர்கள் யாரும் இரண்டு வாட்ச்சிலுமே பதிமூன்றரைக்கு அருகில் வரவில்லை. பதினேழாம் எண்ணுக்கு மட்டும்தான் வழி தேட வேண்டியிருந்தது. ஒற்றை வாட்ச்சின் நேரத்தை எழுத விதி இல்லை. அவள் மறுபடி ஓட வேண்டும், அதுவும் மதிய ஓட்டங்களுக்காக வேறொரு பள்ளி இந்த மைதானத்தை எடுத்துக்கொள்வதற்குள், உடனே. இரண்டாவது வாட்ச்சுக்கு ஆசிரியர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேலப்பாளையத்து வியாபாரியைக் கூப்பிட்டார்.

அவர் கோட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக வாட்ச்சைக் கையிலிருந்து கழற்றினார். உள்ளங்கையில் வைத்து, ஆள்காட்டி விரலைப் பொத்தான்மேல் பதித்து, இரண்டு முறை ஓடவிட்டு நிறுத்திப் பார்த்தார். நான் பார்ப்பதைக் கவனித்து, "கட்டிக்கிட்டே அமுக்குனா விரலு நழுவும் தம்பி. பந்தயத்துக்குக் கழத்திரணும்" என்றார். குத்தல் இல்லாமல்தான் சொன்னார்.

நான் போய் அம்மாவிடமும் மகளிடமும் விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பெண் முதலில் அம்மாவைத்தான் பார்த்தாள். 'சொன்னேன்ல' என்ற பார்வை. அவள் முகம் அந்த ஒரு நொடி மலர்ந்ததை நான் பார்த்தேன். பிறகு குனிந்து இலையைப் பார்த்தாள். இலையில் நான்கைந்து பருக்கைகள் ஒட்டியிருந்தன.

அம்மாவும் இலையைப் பார்த்தாள். கோபப்படவில்லை, திட்டவில்லை. "இத அப்பமே சொல்லியிருக்கப்படாதா அண்ணாச்சி? பிள்ளைக்குச் சோறு குடுத்திட்டேனே" என்றாள்.

கால் மணி நேரம் பொறுக்கலாமா என்று ஆசிரியரிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பொறுத்தார். அதற்குமேல் முடியாது என்றார். அவள் தனியாக ஓடினாள். பக்கத்தில் விரட்ட ஆள் இல்லை, எதிர்க்காற்று செம்மண்ணை வாரி அடித்தது. அறுபது மீட்டர்வரை முதல்முறை ஓடியதுபோலவே வந்தாள். அதற்குப் பிறகு ஒரு கை வயிற்றுக்குப் போனது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் முதல்முறையாக யாரும் எண் சொல்லவில்லை. "வா தாயி, வா" என்று மட்டும் கத்தினார்கள்.

இரண்டு வாட்ச்சிலும் 13.6. ஒன்றுபோல வந்ததால் விவாதிக்க எதுவும் இல்லை. பதிவேட்டில் பதினேழுக்கு எதிரே இருந்த கோட்டை அடித்துவிட்டு, மறுபடி அதே கோட்டைப் போட்டார் ஆசிரியர். அவள் கோட்டுக்கு அப்பால் குனிந்து வாந்தி எடுத்தாள். அம்மா முதுகைத் தடவிக்கொடுத்தாள். வியாபாரி குழாயிலிருந்து செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். நான் கையில் குறிப்பேட்டோடு நின்றிருந்தேன். அவள் பெயரைக் கேட்கவில்லை. மறு வருடம் தேர்வானவர்களின் பட்டியல் என் மேஜைக்கு வந்தபோது எந்தப் பெயரைத் தேடுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

அந்த நாளைப் பற்றி நான் எழுதிய செய்தியில் எல்லா எண்களும் சரியாக இருந்தன. பதினேழாம் எண்ணைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

என் விரல் பிந்தியது நொடியில் பத்தில் மூன்று பங்குதான், அதைச் சரிசெய்ய அவளுக்குக் காலில் பலம் இருந்தது. நான் வாய் திறக்காமல் நின்ற இருபது நிமிடத்தைத்தான் அவளால் ஓடிக் கடக்க முடியவில்லை.