மாட்டுப் பொங்கலுக்குச் சாயம் பூசிய குஞ்சுகள்

என் கணவருக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது ஐப்பசியில். கார்த்திகை தீபத்துக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டார். மருத்துவர் சொல்லி அனுப்பியதில் முக்கியமானது ஒன்றுதான்: காலையும் மாலையும் நடக்க வேண்டும். இவர் நடக்கவில்லை. காரைக்குடியில் இரும்புக்கடை வைத்திருந்தவர். கடையைத் தன் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, பக்கத்திலுள்ள மானகிரி வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார்.

"எந்திரிச்சுத் தெரு முக்கு வரைக்கும் போயிட்டு வாங்களேன்" என்பேன்.

"அங்குட்டு எனக்கு என்ன வேலை?" என்பார்.

எதையும் மாதத்தோடும் நாளோடும் சேர்த்து நினைவில் வைப்பது என் பழக்கம். ஆகவே இவர் தானாகக் கட்டிலைவிட்டு எழுந்த நாளும் நினைவிருக்கிறது. மார்கழி பிறந்த முதல் ஞாயிறு. சிங்கம்புணரிச் சந்தையில் என் தம்பி வாங்கித் தந்த செவலைக்கோழி அப்போது கொல்லையில், பழைய கூடையில் அடையில் இருந்தது. கூடைக்குப் பக்கத்து ஈரமண்ணில் மரநாயின் கால்தடம் பார்த்தேன். எங்களுக்கு அடுத்தது பூட்டிக் கிடக்கும் பெரிய வீடு. அவர்கள் விசேஷத்துக்குத்தான் வருவார்கள். மற்ற நாளெல்லாம் ஓட்டுக்கு அடியில் மரநாய்தான் குடியிருக்கிறது. நான் சொன்னதும் இவர் வந்து தடத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு கடைக்குப் போன் போட்டார்.

இரண்டு நாளில் கூடு தயார். அடியில் சிமெண்ட், சுற்றிலும் இரும்பு ஆங்கிள் சட்டம், அதன்மேல் விரல் நுழையாத வெல்டிங் கம்பிவலை. இவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேலை வாங்கினார். வேலிக்கு அப்பால் இருக்கும் டீச்சர் எட்டிப் பார்த்தார். வேதக்காரக் குடும்பம், என் வயதுதான், தொடக்கப்பள்ளியில் வேலை.

"என்னண்ணே, கோழிக்கூடா இது, பேங்க் லாக்கரா?"

"சாவி உங்ககிட்டத்தான் தரப்போறேன் டீச்சர். முட்டை குறைஞ்சா நீங்கதான் பொறுப்பு."

அறுவை சிகிச்சைக்குப் பிறகு இவர் முதன்முதலாக வேடிக்கையாகப் பேசியது அன்றுதான்.

மார்கழி பாதியில் குஞ்சு பொரித்தது. கூட்டைத் திறந்துவிட்டால் தாய்க்கோழி கொல்லையைத் தாண்டி, காலி மனை, கருவேல மரத்தடி என்று குஞ்சுகளை மேய்த்துக்கொண்டு போகும். கீரி வரும், நாய் வரும் என்று இவரும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே போவார். கோழி போகும் வேகம், நிற்கிற இடம் எல்லாம் மருத்துவர் சொன்ன நடைக்குச் சரியாக இருந்தது. நான் அதைப்பற்றி வாய் திறக்கவில்லை. சொன்னால் நின்றுவிடுவாரோ என்று பயம்.

பருந்தை நாங்கள் நினைக்கவில்லை. வெல்டிங் வலைக்கும் வானத்துக்கும் என்ன சம்பந்தம்? போகி வருவதற்குள் பாதிக் குஞ்சுகளைத் தூக்கிவிட்டது. அதில் கடைசியாக ஒன்று இவர் கண்ணெதிரில், கைக்கு எட்டும் தூரத்தில் போனது. உள்ளே வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் சாய்ந்து, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பொங்கலன்று பானை வைத்துக் கூப்பிட்டபோதும், "நீயே கும்பிட்டுக்க" என்றார். மிச்சக் குஞ்சுகளும் போய்விட்டால் இந்த மனிதரை இனி எதைச் சொல்லி எழுப்புவது என்று அடுப்பின் முன் நின்று யோசித்தேன்.

மறுநாள், தை இரண்டு. தெருவில் மாடுகளுக்குக் கொம்பில் வண்ணம் பூசிக்கொண்டிருந்தார்கள். பொங்கல் வாங்கிப்போக வந்த டீச்சர்தான் சொன்னார்.

"எங்க அம்மா வீட்டுப் பக்கம் குஞ்சுக்குச் சாயம் பூசி விடுவாக அக்கா. கலரப் பாத்தா பருந்து மெரண்டு போயிரும். கிறிஸ்மஸ் குடில்ல புல்லுக்காக மரத்தூள்ல கலக்க வாங்குன பச்சைச் சாயம் மிச்சம் கெடக்கு. தரவா?"

"விஷமில்லையே டீச்சர்?"

"எம்புள்ளைக ஒரு வாரம் பச்சைக் கையோடதான் சோறு தின்னுச்சுக. ஒண்ணும் ஆகல."

கட்டிலிலிருந்து குரல் வந்தது. "வெந்நி போடு."

கோழியை மூங்கில் பஞ்சாரக் கூடையால் கவிழ்த்து மூடிவிட்டு, குஞ்சுகளை ஒவ்வொன்றாகக் கழுத்துவரை வெதுவெதுப்பான பச்சைத் தண்ணீரில் முக்கினார். துண்டில் ஒற்றி வெயிலில் விட்டார். சாயம் உள்ளங்கை ரேகையில் இறங்கிவிட்டது.

"நமக்கு மாடு இல்ல. அந்தக் குறையும் தீந்துச்சு" என்று சிரித்தார்.

பிறகு பஞ்சாரத்தைத் தூக்கினார். கோழி வெளியே வந்து குஞ்சுகளைக் கூப்பிட்டது. குஞ்சுகள் ஓடிப்போய் மார்பில் ஒட்டின. கோழி கழுத்து மயிரைச் சிலிர்த்து, முதல் குஞ்சைக் கொத்தி எறிந்தது. இரண்டாவதையும் கொத்தியது. பிறகு கொல்லை முழுக்கக் கூப்பிட்டுக்கொண்டே தேடியது. குஞ்சுகள் பதில் சொல்லிக்கொண்டே பின்னால் ஓடின. குரல் கேட்டுத் திரும்பும், பார்த்ததும் அடிக்கும், மறுபடி தேடப் போகும். தன் பிள்ளைகள் பின்னால் அழுதுகொண்டு வர, அவற்றையே ஊரெல்லாம் தேடுகிற ஒரு தாயை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இவர் பச்சைக் கைகளோடு நின்றார். "தாயிருக்க அநாதையாக்கிட்டேனே" என்றார். கழுவிப் பார்த்தோம். சாயம் போகவில்லை. ஈரத்தில் குஞ்சுகள்தான் நடுங்கின. டீச்சர் வேலியருகே வந்து, "அங்கெல்லாம் தாய்க்கோழி பழகுமுன்னே, பொரிச்ச அன்னிக்கே பூசுவாகளோ என்னமோ. நான் அதக் கேக்காமப் போனேனே அண்ணே" என்று கண் கலங்கினார்.

எனக்கு எப்போதோ படித்தது நினைவுக்கு வந்தது. இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது, காதுதான். குரல் மாறவில்லையே! அந்தி வரை காத்திருந்தால் குஞ்சுகள் தாங்காது. கோழியைப் பஞ்சாரத்தில் அடைத்து, அதன்மேல் சாக்குகளையும் கம்பளியையும் போர்த்தி, வெயில் காய்கிற கொல்லையில் இருட்டை உண்டாக்கினோம். உள்ளே அமைதியானதும் இவர் தரையில் உட்கார்ந்து, விளிம்பைச் சற்றே தூக்கி, ஒரு குஞ்சைக் கையோடு உள்ளே விட்டார். இவர் முகம் சுளித்ததில் கோழி கையைக் கொத்துகிறது என்று தெரிந்தது. கையை எடுக்கவில்லை. சிறிது நேரத்தில், "நிறுத்திருச்சு" என்று கிசுகிசுத்தார். இப்படியே எல்லாவற்றையும் விட்டார்.

"உள்ள என்னண்ணே நடக்குது?"

"சத்தம் போடாதீக டீச்சர். இப்பத்தான் வீட்டுக்காரம்மாவுக்குக் கோவம் எறங்குது."

காதைப் பஞ்சாரத்தில் வைத்துப் படுத்திருந்தார். நானும் குனிந்து கேட்டேன். கீச்சுக் கீச்சென்ற அழுகை தேய்ந்து, இறகுக்குள் போன குஞ்சுகள் எழுப்பும் அந்த மெல்லிய முனகல் வந்தது. அதற்குக் கோழி தொண்டைக்குள்ளேயே ஏதோ சொன்னது. இவர் கண்ணைத் துடைத்தபோது கன்னமெல்லாம் பச்சையானது.

மறுநாள் சாக்குகளை ஒவ்வொன்றாக உருவினோம், வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகப் போகட்டும் என்று. கோழி தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தது. பிறகு பச்சைக் குஞ்சுகளோடு மேயக் கிளம்பியது. ஒன்றை மட்டும் இரண்டு நாள் சேர்க்கவில்லை. அதை இவர் வேட்டி மடியில் வைத்துக்கொண்டு மற்றவற்றின் பின்னால் நடந்தார்.

அதன் பிறகு பருந்து வட்டமிட்டது, இறங்கவில்லை. பச்சைக்குப் பயந்ததா, துண்டை வீசிக்கொண்டு அடியில் நிற்கிற இவருக்குப் பயந்ததா என்று இன்றைக்கும் தெரியாது. "என் சாயம்தான்" என்பார் டீச்சர். "ஒங்க சாயத்தாலதான் எனக்கு இந்தக் காவல் வேலை" என்பார் இவர்.

மாசி கடைசியில் குஞ்சுகளுக்கு நல்ல இறகு முளைத்தது. பச்சை அங்கங்கே திட்டாக நின்றது. ஒரு காலை கோழி திரும்பவும் அவற்றைக் கொத்தி விரட்டியது. இவர் பதறி என்னைக் கூப்பிட்டார்.

"பாரு, மறுபடியும் சேக்க மாட்டேங்குது!"

"வளந்துருச்சுல்ல. இனிமே தனியா மேயட்டும்னு பிரிச்சு விடுது."

நம்பாமல் அன்று முழுக்கக் கோழியையே பார்த்துக்கொண்டிருந்தார். இனி பின்னால் போக ஒன்றும் இல்லை என்று எனக்குப் பட்டது. அன்றிரவு அந்தப் பழைய கட்டிலையும் சுவரையும் பார்க்கவே பயமாக இருந்தது.

விடிந்து நான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தபோது இவர் சட்டை போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

"எங்க கெளம்பிட்டீக?"

"சும்மா, ஊருணி வரைக்கும்."

கோழி வேலியோரம் தனியாக மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. இவர் அதைத் திரும்பிப் பார்க்காமல் தெருவில் இறங்கி நடந்தார்.