கோச்சை நீக்கிய கடிதம்

மழையில் ஊறிய திடலில், எங்கள் கோல்கீப்பரின் முகத்துக்கு நேராகக் கோச் இரண்டு விரல்களை நீட்டியதுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. “எத்தனை?” என்றார். “நாலு” என்றான் அவன். எதிரணிக்காரனின் முழங்கால் அவன் தலையில் இடித்துச் சில நிமிடங்கள்கூட ஆகியிருக்கவில்லை. கோச் அவனுடைய கையுறைகளைத் தாமே கழற்றி மாற்று ஆட்டக்காரனிடம் கொடுத்தார். அந்த அரையிறுதியில் தட்டுத்தடுமாறி வென்றோம்.

தீவுப் பக்கம் பாயான் பாருவில் இருக்கும் எங்கள் தனியார் கல்லூரிக்கு அவர்தான் முதல் காற்பந்துப் பயிற்சியாளர். எதிர்க்கரை ஊரான பிறையில் தொழிற்சாலை வேலை முடிந்ததும் மோட்டார் சைக்கிளில் கடற்பாலத்தைக் கடந்து வருவார். அணி என்று ஒன்றே இல்லாத இடத்தில், கேண்டீனில் சும்மா உட்கார்ந்திருந்தவர்களைப் பேசிப் பேசியே திடலுக்கு இழுத்து வந்தவர். நான் அப்போது அலுவலகத்தில் தட்டச்சு எழுத்தர்.

இறுதியாட்டத்துக்கு நான்கு நாள் இருந்தது. மருத்துவர் கோல்கீப்பருக்கு மூன்று வாரம் ஓய்வு சொல்லியிருந்தார். கல்லூரி முதல்வர் என் மேசைக்கு எதிரிலேயே கோச்சை நிறுத்தி, “ஒரு மேட்ச்தானே லா, கோச். ஸ்பான்சர் எல்லாம் வர்றாங்க” என்றார். கோச் குரலை உயர்த்தவில்லை. “அவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா அவங்கம்மாகிட்ட நீங்க போய்ச் சொல்வீங்களா, சார்?” என்று கேட்டார். அவனைத் திடலில் இறக்கவில்லை. தோற்றோம். மறுநாளே, ஒழுங்கு மீறியதாகச் சொல்லி அவரை நீக்கும் கடிதம் தயாரானது. தட்டச்சு செய்தவள் நான். கையெழுத்திட்டு வாங்கிக்கொண்ட கோச், “உன் வேலை இது, தங்கச்சி. மனசுல வச்சுக்காதே” என்றார். அந்தப் பெருந்தன்மையை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

சென்ற ஆண்டு அவர் இறந்தார். உடனே கல்லூரிக்குப் பாசம் பொங்கிவிட்டது. அவர் பெயரில் ஒரு கோப்பையாம்; விழா மலருக்கு அவருடைய வாழ்க்கைக் குறிப்பை நான் எழுத வேண்டுமாம். நடந்ததை எழுதினேன். அன்றைய முதல்வர்தான் இன்று கல்லூரித் தலைவர். ‘நீக்கப்பட்டார்’ என்ற வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, ‘சொந்தக் காரணங்களால் விலகினார்’ என்று மேலே எழுதினார். “செத்தவரைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை எழுதும்மா” என்றார். “நான் எழுதினதுலயே நல்ல வார்த்தை நீங்க அடிச்சதுதான் சார்” என்றேன்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பிறைக்குப் போய்க் கோச்சின் மனைவியிடம் கொடுத்தேன். அவரை நீக்கிய கடிதத்தைத் தட்டச்சு செய்தது நான்தான் என்பதையும் சொன்னேன். அவர் இருமுறை படித்தார். “பாலம் தாண்டிப் போறது அலுப்பா இருக்கு, விட்டுட்டேன்னாரு. நானும் நம்பிட்டேன்” என்றார். தாளை மடித்துவிட்டு, “அந்தப் பையன் இப்ப நல்லா இருக்கானா?” என்று கேட்டார்.

“நல்லா இருக்காரு அக்கா. ரெண்டு பிள்ளைங்க.”

தலையசைத்தார். பிறகு கைப்பேசியை எடுத்துக் கல்லூரியை அழைத்தார். “கோச் வீட்டுல இருந்து பேசுறேன். என் வீட்டுக்காரரு பேரை நீங்க எதுக்கும் வைக்க வேணாம்.” அவ்வளவுதான் சொன்னார்.

கோப்பை இப்போது தலைவரின் பெயரில் இருக்கிறது. நான் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறேன். அதை வைத்திருக்கும் கண்ணாடி அலமாரியை நாள்தோறும் கடந்துதான் என் மேசைக்குப் போக வேண்டும். கோபம் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நான் விரும்பவும் இல்லை.