நெப்ராஸ்கா முழுக்கத் தூக்கம்

வெர்லினுக்குக் கழுத்து தடிமன். அது ஒன்றுதான் தான் செய்த குற்றம் என்று கேட்பவர்களிடமெல்லாம் புலம்புவான். லாரி டிரைவர்களுக்கு உடல் தகுதி பார்க்கும் டாக்டர் டேப்பை வைத்துக் கழுத்தை அளந்தார், தூங்கவைத்துப் பார்த்தார், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்றார். இனி மூக்கில் மாஸ்க் மாட்டித் தூங்கினால்தான் லைசென்ஸ். மாஸ்கிலிருந்து ஒரு குழாய், குழாயின் மறுமுனையில் ஒரு காற்று மெஷின். அந்தச் சனியன் அவன் தூங்கிய நேரத்தையெல்லாம் கம்பெனிக்குப் போட்டுக்கொடுத்துவிடும்.

மாட்டிப் பார்த்தான். மூச்சு முட்டியது. கழற்றி எறிந்தான்.

அவன் மனைவி டார்லாவும் டிரைவர்தான். இருவருக்கும் ஒரே லாரி. ஒருவர் ஓட்டும்போது மற்றவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் படுக்கையில் தூங்குவார். டார்லா விடும் குறட்டையில் வெர்லினுக்கு எஞ்சின் சத்தமே கேட்காது. ரேடியோவில் மற்ற டிரைவர்களுக்கு அதைக் கேட்கவைத்துச் சிரிப்பான்.

"இந்த மாஸ்கை நீ மாட்டிக்கிட்டுத் தூங்கேன். யார் மூக்குன்னு மெஷினுக்கா தெரியப்போவுது?"

"உன் எச்சில் பட்டதை நான் மாட்டணுமாக்கும்?"

"தினம் என் தட்டுலருந்து வறுவலைத் திருடித் திங்கிறியே, அப்ப எச்சில் தெரியலியா?"

மாட்டிக்கொண்டாள். குறட்டை பாதியாகக் குறைந்தது, முகம் தெளிந்தது. "இதை இனிமே தரமாட்டேன்யா" என்றுவிட்டாள். வெர்லின் ஒழுங்காகத் தூங்குகிறான் என்று கம்பெனி பாராட்டியது. அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

புருஷனும் பெண்டாட்டியும் ஒன்றை மறந்துபோனார்கள். யார் எப்போது ஓட்டினார்கள் என்பதை வண்டியிலிருந்த இன்னொரு கருவி பதிந்துகொண்டே வந்தது.

கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி க்ரெட்சன் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"வெர்லின், நெப்ராஸ்கா மாநிலம் முழுக்க நீ தூங்கிக்கிட்டே ஓட்டியிருக்கய்யா. வயோமிங்லயும் அருமையான தூக்கம்."

"எனக்கு அனுபவம் ஜாஸ்தி."

"கிழிச்ச. டார்லா ஓட்டின நேரம் தப்பா உன் பேர்ல பதிவாயிடுச்சுன்னு நானே எழுதிவிட்டுடுறேன். நீ ஆமான்னு சொல்லு, போதும்."

வெர்லினுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வேகமாகத் தலையாட்டினான்.

"ஆனா உடனே டாக்டரைப் பாரு. மாஸ்க் போட்டும் உனக்கு மூச்சு நிறைய தடவை நின்னுபோகுது. மெஷின்ல வச்ச காத்து பத்தல. இப்படியே விட்டா ஒருநாள் தூக்கத்துலயே போய்ச் சேர்ந்துடுவ."

வெர்லின் ஓட்டும்போது பின்னாலிருந்து வரும் குறட்டைச் சத்தம் நடுநடுவே நின்றுபோகும். அப்பாடா, கொஞ்சம் நிம்மதி என்றல்லவா அப்போதெல்லாம் நினைத்தான், பாவி.

"அது என் மூச்சு இல்ல க்ரெட்சன். டார்லாவோடது."

அன்றைக்கே அவன் வேலை போனது. ஆஸ்பத்திரியில் சோதித்துச் சரிசெய்யும்வரை டார்லாவும் ஓட்டக்கூடாது என்றார்கள். லாரியை ஒப்படைத்துவிட்டு, நெடுஞ்சாலை ஓட்டலில் உட்கார்ந்து பான்கேக் தின்றார்கள்.

"வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா வேலையாவது இருந்திருக்கும்யா."

"வேலை இருந்திருக்கும். நீ இருந்திருப்பியா?"

டார்லா தன் பான்கேக்கில் பாதியைப் பிய்த்து அவன் தட்டில் வைத்தாள்.

"உனக்கும் ஒரு மாஸ்க் வாங்கணும். இனிமே மூச்சு முட்டுது, அது இதுன்னு சொன்னா கொன்னுடுவேன். நீ போய்ட்டா நான் யாரைத் திட்டுறது?"