காலிமனையில் கட்டிய வீடு

தொண்ணூறுகளின் கடைசியில், சென்னைத் தெருக்களைப் பற்றிப் பேசும் மின்னஞ்சல் குழு ஒன்றில் இருந்தேன். அபிராமபுரத்துச் சந்துகளை நடந்து பார்த்துவிட்டு, மயிலாப்பூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து எழுதி அனுப்புவேன். என்னைக் கேட்காமல் யாரும் எடுத்துப் போடக்கூடாது என்று ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும், என் பெயருக்கு மேலே எழுதிவைப்பேன். குழுவில் சிரித்தார்கள்.

ஒருநாள் சென்டர்க்காரர், "சார், நீங்க எழுதுனது அப்பிடியே வேற சைட்ல கீது," என்றார். பார்த்தேன். என் பெயர் மட்டும் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திருடனைப் பிடிக்கப் பொறி வைத்தேன். அடுத்த கடிதத்தில், சந்துமுனைக் காலிமனையில் இல்லாத ஒரு வீட்டைக் கட்டினேன். பச்சைக் கதவு, நாகலிங்க மரம், மாடி ஜன்னலில் வலது கையில் வெள்ளைத் துணி சுற்றிக்கொண்டு தெருவையே பார்க்கும் ஒரு பெண்மணி. எல்லாம் அந்த நிமிடத்தில் தோன்றியவை.

நான்காம் நாள் அந்த வீடும் திருட்டுப்போயிருந்தது. குழுவில் அவனைக் கிழிக்கலாம் என்று உட்கார்ந்தேன். அதற்குள் எனக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. வெளிநாட்டிலிருந்த உறுப்பினர் ஒருவர் ஆங்கில எழுத்தில் தமிழை அடித்திருந்தார்.

"அது எங்க அம்மா. கையில அந்தத் துணியோடதான் கண்ணை மூடினாங்க. அப்புறம் வீட்டை இடிச்சிட்டோம். வெளியில யார்கிட்டயும் சொன்னதில்ல. எங்க வீட்டு விஷயத்தை யாரைக் கேட்டு எழுதினீங்க?"

கீழே என் கடிதத்தையும் முழுதாக ஒட்டியிருந்தார், என் எச்சரிக்கையோடு, என் பெயரோடு.