போமெனும் ஃபொராமெனும்

என் மனைவி கைப்பேசியில் பாடம் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பின்பக்கம் கை கழுவிக்கொண்டிருந்தேன். ஆங்கிலக் குரல் ஒன்று 'போமென், போமென்' என்று திரும்பத் திரும்பச் சொல்வதுபோல் காதில் விழுந்தது.

"யாரு என்னைக் கூப்பிடறா?" என்று ஈரக் கையோடு ஓடிவந்தேன்.

அவள் சிரித்த சிரிப்பில் கைப்பேசி மடியிலிருந்து நழுவியது. "போமென் இல்லங்க, ஃபொராமென். எலும்புல இருக்கிற ஓட்டை."

கார் பழுதுபார்ப்பவனை எங்கள் நாட்டில் போமென் என்பார்கள். ஐந்தாம் படிவத்தோடு பள்ளிக்கூடம் முடித்ததிலிருந்து கிள்ளானில் எனக்கு அந்த வேலைதான். வாடிக்கையாளர் வந்தால் பானெட்டைத் திறந்து அதற்குள் தலையை விட்டுக்கொள்வேன். அதிகம் பேச வேண்டியிருக்காது.

அவளுக்குக் கண்ணில் அழுத்தம் கூடிப் பார்வை போய் நான்கு வருடம். பிரிக்ஃபீல்ட்ஸில் பார்வையற்றோருக்கு மசாஜ் சொல்லித்தரும் ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்ந்திருந்தாள். எல்லாவற்றிலும் தேறிவிட்டாள், மண்டையோட்டு எலும்புகளின் வாய்மொழித் தேர்வைத் தவிர. விரலுக்குத் தெரிந்தது வாய்க்கு வரவில்லை. இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு இருந்தது. அதிலும் தவறினால் சான்றிதழ் கிடையாது. அவளுக்கென்று இடம் வைத்திருந்த மசாஜ் கடையும் வேறு ஆளைப் பார்க்கும்.

நிலையத்தில் ஒரு பிளாஸ்டிக் மண்டையோட்டை இரவல் கொடுத்தார்கள். அதைச் சந்தைக்கு எடுத்துப்போகும் பாசார் பையில் போட்டு, கோமுட்டர் ரயிலில் மடிமேல் வைத்துக்கொண்டு வந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த சீன ஆன்டி பைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த பற்களைக் கண்டதும் எழுந்து அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். நான் பையின் வாயை இழுத்து மூடிக்கொண்டேன்.

"மொத்தம் இருபத்திரண்டு எலும்பு," என்று வீட்டில் அதைத் தடவிக்கொண்டே சொன்னாள். "அசையறது தாடை ஒண்ணுதான். உங்களுக்கு அதுவும் அசையாது."

தாடையைப் பிடித்திருந்த ஸ்பிரிங் தொளதொளவென்று இருந்தது. புதிதாக மாற்றிவிட்டேன். கை சும்மா இருக்காமல் கொஞ்சம் கிரீஸும் தடவிவிட்டது.

காரில் எஞ்சினுக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவே ஒரு தகடு உண்டு. அதில் பல ஓட்டைகள், ஒவ்வொன்றின் வழியாகவும் ஒரு வயரோ குழாயோ போகும். டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு அந்த ஓட்டைகளை விரலால்தான் தேட வேண்டும். கண்ணுக்கு அங்கே வேலையில்லை. மண்டையோட்டைக் கவிழ்த்தபோது எனக்கு அந்தத் தகடுதான் நினைவுக்கு வந்தது. நடுவில் கட்டைவிரல் தாராளமாக நுழையும் பெரிய ஓட்டை, சுற்றிலும் சின்னச் சின்னதாக நிறைய.

"இதுல மெயின் வயர் போகும்," என்றேன்.

"ஆமாங்க, முதுகுத்தண்டுக்குப் போறது. எப்படித் தெரியும்?"

"பெரிய ஓட்டையில வேற என்ன போகும்?"

"நீங்க பரீட்சைக்குப் போங்க லா. நான் ஸ்பேனர் புடிக்கிறேன்."

முகத்தில் புருவத்தில் ஒன்று, கண்ணுக்குக் கீழே ஒன்று, தாடையில் ஒன்று என்று மூன்று ஓட்டைகள் ஏறக்குறைய ஒரே நேர்க்கோட்டில் வரும். உயிருள்ள முகத்தில் அந்த இடங்களை அழுத்தினால் இலேசாக வலிக்கும். ஒரு வாரம் அவள் அழுத்தியது என் முகத்தைத்தான்.

தேர்வன்று, அவள் தொட்டுக் காட்டுவதற்கு மாதிரியாக உட்கார வேண்டிய தோழிக்குக் காய்ச்சல். வாசலில் நின்ற என்னை உள்ளே இழுத்து உட்கார வைத்துவிட்டார்கள். சுவரோரம் மற்ற மாணவர்கள். எதிரே ஆசிரியர், அவருக்கும் பார்வை இல்லை. என் புருவத்தில் அவள் விரல் ஐஸ்போல் இருந்தது.

"இப்ப நீ தொடற இடத்துல என்ன இருக்கு?" என்று ஆசிரியர் கேட்டார்.

அவள் விரல் அதே இடத்தையே தடவித் தடவிப் பார்த்தது. அந்த நேரம் பார்த்து, என் பெயரில் படிவம் நிரப்பிக்கொண்டிருந்த அலுவலகப் பெண் என் காதருகே குனிந்து, "அங்கிள், என்ன வேலை?" என்றாள்.

"போமென்," என்று நானும் முணுமுணுத்தேன்.

ஆசிரியர் நிமிர்ந்தார். "யாரது? பதில் சொல்லிக் குடுக்கறது? பரீட்சைய நிறுத்திடுவேன்!"

புருவத்தில் இருந்த விரல் நடுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"சார், அவரு பதில் சொல்லல சார். என் வீட்டுக்காரரு. அவரு போமென் சார், கார் போமென்!"

சுவரோரம் முழுக்கச் சிரிப்பு. ஆசிரியர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "அதான் மண்டையோடு திரும்பி வந்தப்ப கிரீஸ் வாசம் அடிச்சுதா? சரிம்மா, இந்தப் போமென் மூஞ்சில எத்தன ஃபொராமென், காட்டு."

"புருவத்துல ஒண்ணு சார். கண்ணுக்குக் கீழ ஒண்ணு. தாடையில ஒண்ணு. அந்தப் பக்கமும் மூணு." விரல் சூடாகியிருந்தது. ஆங்கிலப் பெயர்களும், எதில் எந்த நரம்பு போகிறது என்பதும் தடங்கல் இல்லாமல் வந்தன.

"எல்லாத்தையும் விடப் பெரிசு?"

"அடியில இருக்கிற பெரிய ஃபொராமென் சார். அதத் தொடணும்னா ஆளு உயிரோட இருக்கக் கூடாது. இவரு எனக்கு வேணும்."

"பாஸ், பாஸ்! கூட்டிக்கிட்டுப் போம்மா."

ரயிலில் வீடு வரும்வரை அவள் விடவில்லை. "இத்தன வருஷம் அசையாத தாடை பரீட்சையிலயா அசையணும்?"

இப்போது அந்த மசாஜ் கடையில் அவளுக்கு வேலை. யார் கூப்பிட்டாலும் அவள் கைப்பேசி பெயரைச் சத்தமாகச் சொல்லும். என் எண்ணைப் 'பெரிய போமென்' என்று போட்டு வைத்திருக்கிறாள். நான் கூப்பிட்டு அவள் எடுக்கும்போதெல்லாம் பின்னால் கடையே சிரிப்பது கேட்கிறது. கூச்சமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் மதியம் சாப்பிட்டதும், சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும், ஒரு தடவை கூப்பிட்டுவிடுகிறேன்.