பனிக்குள் கேட்ட விசில்

தெல்மா டைசன் இங்கிலாந்தின் கம்பர்லாந்து மலையடிவாரத்தில் இறைச்சிக்கடை வைத்திருப்பவள். ஐம்பது வயதைத் தாண்டியும், புதன்கிழமை மாலையானால் கத்தியைக் கழுவி வைத்துவிட்டு ஓட்டக் கிளப் ஆட்களோடு மலையேறி ஓடுவாள். ஓடி முடித்ததும் பியர் குடித்தபடி ஒருவரையொருவர் கேலி செய்வதற்காகவே பாதிப் பேர் வருவார்கள்.

கிளப்பின் அந்த வருட மலையோட்டப் பந்தயத்தன்று உச்சியில் மூடுபனி இறங்கிவிட்டது. பாறைகளுக்கிடையே உதவி கேட்டு ஊதும் விசில் சத்தம் கேட்டுத் தெல்மா போய்ப் பார்த்தால், கிளப்பின் மூத்த ஓட்டக்காரன் வில்ஃப் கணுக்கால் முறிந்து கிடந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது.

"க்ளைவ் பார்த்தான், தெல்மா. பின்னால ஆள் வருதுன்னு சொல்லிட்டு ஓடிட்டான்."

க்ளைவ்தான் கிளப் தலைவன். தெல்மா அடுத்து ஓடி வந்தவனை உதவிக்கு ஆள் கூட்டிவரக் கீழே விரட்டினாள். மீட்புக்குழு வரும்வரை தன் மழைச்சட்டையை வில்ஃபுக்குப் போர்த்தி, அவனை அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

பந்தயம் முடிந்து கிளப் ஆட்கள் கூடியிருந்த மதுக்கடைக்குள் அவள் நுழைந்தபோது க்ளைவ் வெற்றிக் கோப்பையோடு சிரித்துக்கொண்டிருந்தான்.

"என்ன தெல்மா, கடைசியா வர்ற? கறி தின்னு உடம்பு கனத்துப்போச்சா?"

"வில்ஃபை ஆஸ்பத்திரிக்கு ஏத்திவிட்டுட்டு வர்றேன்டா. விறைச்சுச் செத்திருப்பான். உனக்கு எப்படிடா பியர் தொண்டைக்குள்ள இறங்குது?"

"பந்தயம்னா பந்தயம்தானே..."

"ஆடு விழுந்து கிடந்தாக்கூட நின்னு பாக்குற ஊருடா இது!"

யாரும் க்ளைவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் கோப்பையை மேசைமேல் விட்டுவிட்டு வெளியேறினான்.

மறுவாரம் அவளுடைய இறைச்சிக்கடைக்கு வந்து மன்னிப்புக் கேட்டான்.

"என்கிட்ட எதுக்கு? வில்ஃப்கிட்டப் போய்க் கேளு" என்றவள், தலை நிமிராமல் எலும்பை ஒரே போடாகப் போட்டாள்.