பட்டனிலிருந்து எடுத்த விரல்

சபையார் எல்லாருக்கும் என் வணக்கம். மாதத் தாளுக்கு ஒரு சாட்சி எழுதிக் கொடுங்கள் என்று பாஸ்டர் ஐயா என்னைக் கேட்டு மூன்று மாதம் ஆகிறது. நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். ஆனால் தாமதத்துக்கு அது காரணம் இல்லை. பிழை இருந்தால் என் மனைவி எஸ்தர் திருத்திவிடுவாள். நான் செய்த ஒரு காரியத்தை இதில் எழுதியாக வேண்டும். அதற்குத்தான் கை வரவில்லை.

மற்றவர்கள் புற்றுநோயிலிருந்து, விபத்திலிருந்து காப்பாற்றப்பட்டதைச் சொல்வார்கள். என் நோய் பொறாமை. அது சின்ன வயதிலிருந்தே உண்டு. நீங்கள் முன்னால் நின்று சாட்சி சொல்லும்போதுகூட, இவருக்கு மட்டும் இவ்வளவு சீக்கிரம் எப்படிப் பதில் வந்தது என்று கடைசி வரிசையில் உட்கார்ந்து குமைந்திருக்கிறேன். அல்லேலூயா சொன்னது வாய் மட்டும்தான்.

நான் பிறந்தது நைனார்பாளையம் பக்கம். பதினான்கு வயதில் போர்வெல் லாரியில் ஏறினேன். ஆந்திராவெல்லாம் சுற்றினேன். இடது கையில் இரண்டு விரல் நுனி குழாய்க்கு நடுவில் போனது. பிறகு கேரளாவில் செங்கல் சூளை. கடலூர் துறைமுகத்தில் ஐஸ் உடைத்தேன். எங்கேயும் ஒட்டவில்லை. கடைசியாகப் புதுச்சேரியில், சுற்றுலா வருகிறவர்களைக் கடலுக்குள் கூட்டிப்போகும் படகில் ஆறு வருடம் இருந்தேன். அங்கேதான் கடல் ரேடியோவைக் கற்றுக்கொண்டேன்.

கடலில் எல்லாப் படகுக்கும் பொதுவாகப் பதினாறாம் சேனல் என்று ஒன்று உண்டு. ஆபத்துக்கு அழைக்கவும், ஒருவரை முதலில் கூப்பிடவும் மட்டும்தான் அது. ஊர்க்கதை பேச வேறு சேனலுக்குப் போய்விட வேண்டும். பேசுவதற்கு முன் யாராவது பேசுகிறார்களா என்று கேட்க வேண்டும். படகின் பெயரை மூன்று தடவை சொல்ல வேண்டும். எங்கே இருக்கிறோம், எத்தனை பேர், என்ன உதவி வேண்டும், அவ்வளவுதான். 'ஓவர்' சொல்லிவிட்டுப் பட்டனை விட்டுவிட வேண்டும். பட்டனை அழுத்தியிருக்கும்வரை நம் காதில் எதுவும் விழாது. அடுத்தவர் பேசுவதும் யாருக்கும் கேட்காது. யாராவது ஆபத்து என்று அழைத்துவிட்டால் மற்ற எல்லாரும் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

முதல் வாரம் நான் பட்டனை விடாமல் பேசிக்கொண்டே இருந்தேன். எங்கள் படகை ஓட்டிய புதுச்சேரிக்காரர் என் கையில் தட்டி, "பட்டன உடுய்யா. ஊரே உன் ஒருத்தன் வாயத்தான் கேட்டுக்கினு இருக்கணுமா?" என்றார். அது அப்படியே மனதில் தங்கிவிட்டது.

எஸ்தரைக் கட்டியபின் ஊர்ப்பக்கம் வந்துவிட்டேன். அவள் மூலமாகத்தான் ஆண்டவரை அறிந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். கல்வராயன் மலையில் ஒரு ஏரியில் படகு விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு வேலைக்குப் போனேன். கடல் பார்த்தவன், பெரிய படகை எனக்குத்தான் தருவார்கள் என்று நினைத்தேன். குத்தகை எடுத்த முதலாளி அதை ரபீக்குக்குக் கொடுத்தார்.

ரபீக் திருக்கோவிலூரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பையன். என்னைவிட எட்டு வயது இளையவர். கடலில் கால் நனைத்ததோடு சரி. எனக்குக் கரையில் கட்டியிருக்கும் சின்ன மீட்புப் படகைக் கொடுத்தார்கள். யாராவது விழுந்தால்தான் அதற்கு வேலை. மற்ற நேரமெல்லாம் மிதிபடகுகளை இழுத்துக் கட்டுவதும், லைஃப் ஜாக்கெட்டைக் காயப்போடுவதும்.

மூன்று வாக்கி டாக்கி செட் இருந்தன. டிக்கெட் கவுன்ட்டரில் முதலாளியிடம் ஒன்று, ரபீக்கிடம் ஒன்று, என்னிடம் ஒன்று. ரபீக் ரேடியோவில் சந்தையில் கூவுகிற மாதிரி பேசுவார். பேர் சொல்ல மாட்டார், ஓவர் சொல்ல மாட்டார். "அண்ணே, இங்க ஒரு புது மாப்ள, தண்ணியப் பாத்துட்டு பொண்டாட்டிகிட்ட மன்னிப்பு கேட்டுக்கினு இருக்காரு" என்பார். கவுன்ட்டர் ஸ்பீக்கரில் அது கேட்டு வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிக்க வைக்கிற அண்ணன் படகுதான் வேண்டும் என்று கேட்டு ஏறுவார்கள். முதலாளியும் சிரிப்பார். நான் நனைந்த கயிற்றைப் பிழிந்துகொண்டு நிற்பேன்.

அவருடைய சட்டை நனையாது. அதுகூட எனக்குப் பொறுக்கவில்லை.

ரேடியோ முறையை அவருக்கு நான் சொல்லிக் கொடுத்திருக்கலாம். பத்து நிமிட வேலை. ஒருநாள் அவரே, "மாணிக்கண்ணே, கடல்ல எப்படிப் பேசுவாங்கோ?" என்று கேட்டார். அதெல்லாம் ஏரிக்கு வேண்டாம் என்றேன். எனக்கென்று இருந்தது அந்த ஒன்றுதான். அதையும் கொடுத்துவிட்டால் என்னிடம் என்ன இருக்கும்? வீட்டுக்கு வரும்போது எஸ்தரிடம் மட்டும் புலம்புவேன். மூன்று தடவை பேர் சொல்லத் தெரியாதவனுக்குப் பெரிய படகா என்று ஒவ்வொரு விதியாகச் சொல்லித் திட்டுவேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பாள்.

ஆண்டவரிடமும் இதைத்தான் கேட்டேன். அந்தப் படகை எனக்குத் தாரும், அவனை இறக்கிவிடும் என்று தினமும் கேட்டேன். ஜெபம் என்ற பேரில் அதையும் செய்தேன்.

பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். ரபீக் பேசும் நேரத்தில் நான் என் பட்டனை அழுத்திக்கொண்டால் கவுன்ட்டரில் வெறும் கரகர சத்தம்தான் வரும். யாரும் சிரிக்க மாட்டார்கள். ரபீக் சரியாகப் பேசுவதில்லை, செட்டைக் கெடுத்துவிட்டான் என்று முதலாளி முணுமுணுக்க ஆரம்பித்தார். எனக்கு உள்ளே இனித்தது. இரண்டு வாரம் இப்படிச் செய்தேன்.

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் சபைப் பெண்கள் வேன் பிடித்து மலைக்கு வந்தீர்கள். எஸ்தரும் வந்தாள். மழை பெய்து ஏரி நிறைந்து, உபரித் தண்ணீர் வெளியேறும் கலிங்கின் மேல் வெள்ளம் வழிந்து கீழே பாறையில் விழுந்துகொண்டிருந்தது. நான் அவளிடம், நம் படகில் ஒரு சுற்று கூட்டிப்போகிறேன், இரு என்றேன். அவள் சிரித்து, "உங்க படகுல ஆபத்து வந்தாத்தான ஏத்துவாங்க? வரட்டும், அப்ப ஏறிக்கிறோம்" என்று சொல்லிவிட்டு மற்றவர்களோடு ரபீக் படகில் ஏறினாள். ஏறும்போது ரபீக் என்னமோ சொன்னார். எஸ்தர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நான் சொல்லி அவள் அப்படிச் சிரித்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

டிக்கெட் கட்டில் போடும் ரப்பர் பேண்டை எடுத்தேன். என் செட்டின் பட்டன்மேல் இறுக்கிச் சுற்றினேன். இந்தச் சுற்று முழுக்க அவன் குரல் கேட்கக்கூடாது என்று செட்டை ஜாக்கெட் குவியலுக்கு அடியில் தள்ளினேன். அப்புறம் மிதிபடகுகள் வர ஆரம்பித்தன. கட்டப் போய்விட்டேன். மறந்தே போனேன்.

மூன்று மணி இருக்கும். மலை மூட்டம் இறங்கியது. நம் மலையில் அது எப்படி வரும் என்று தெரியும். ஒரு பீடி பிடித்து முடிப்பதற்குள் எதிர்க்கரை இல்லாமல் போய்விட்டது. விசில் ஊதி மிதிபடகுகளைக் கரைக்கு அழைத்தோம். பெரிய படகு மட்டும் வரவில்லை. அது வளைவுக்கு அந்தப் பக்கம், கலிங்கு இருக்கும் பக்கம் போயிருந்தது. முதலாளி கவுன்ட்டரிலிருந்து ஓடிவந்து, அரைமணி நேரமாக ரபீக் செட்டில் கரகர சத்தம்தான் வருகிறது, நீ கூப்பிட்டுப் பார் என்றார்.

ஜாக்கெட் குவியலைக் கலைத்தேன். செட்டை எடுத்தேன். ரப்பர் பேண்ட் அப்படியே இருந்தது.

அந்த நேரத்தை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. என் மனைவி அந்தப் படகில் இருக்கிறாள். அவள் வாயை நான் கட்டிவைத்திருக்கிறேன்.

ரப்பரைப் பிய்த்தேன். ஆனால் கேட்டீர்களா, அப்போதும் நான் பட்டனை விடவில்லை. திரும்ப அழுத்திப் பிடித்துக்கொண்டு ரபீக், ரபீக், எங்கே இருக்கிறாய், சொல், சொல் என்று கத்திக்கொண்டே இருந்தேன். இடையில் ஆண்டவரே, ஆண்டவரே என்றும் கத்தினேன். விரல் எடுபடவில்லை. பதில் வரவில்லையே என்று அழுதேன். எப்படி வரும்? நான்தான் அழுத்திக்கொண்டிருக்கிறேனே.

அப்போதுதான் அந்தப் புதுச்சேரிக்காரர் என் கையில் தட்டிய அதே இடத்தில் மறுபடி யாரோ தட்டின மாதிரி இருந்தது. இதை நம்புங்கள், நம்பாமல் போங்கள். வாயை மூடினேன். ஆண்டவரே, இத்தனை நாள் நானே பேசிவிட்டேன், என் விரலை எடுத்துவிடும் என்று மனதுக்குள் ஒரே ஒரு முறை கேட்டேன். விரல் எடுபட்டது.

அமைதியாக இருந்தது. கலிங்குச் சத்தம் தூரத்தில் கேட்டது. பத்து எண்ணும் நேரம் இருக்கும். பிறகு என் கையில் எஸ்தரின் குரல் வந்தது.

"பெரிய படகு, பெரிய படகு, பெரிய படகு. எஸ்தர் பேசறேன். என்ஜின் நின்னுபோச்சு. செத்த மரம் எங்களுக்கு இடது பக்கம், கலிங்குச் சத்தம் எதுர்ல. பத்து பேரு. ரபீக் தம்பிக்கு மண்டையில அடி. இழுத்துக்கினு போக படகு வேணும். ஓவர்."

சொல்லிவிட்டு அவள் பட்டனை விட்டாள். விட்ட சத்தம்கூடக் கேட்டது.

நான் கற்றுக்கொடுத்ததே இல்லை. பொறாமையில் திட்டித் தீர்த்ததைத்தான் அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே பாடமாக்கியிருக்கிறாள். ரபீக்குக்குக் கொடுக்க மாட்டேன் என்று நான் பூட்டிவைத்ததை ஆண்டவர் அவள் வாயில் வைத்திருந்தார்.

கேட்டது, வருகிறேன், யாரும் எழுந்திருக்க வேண்டாம், ஓவர் என்றேன். படகை எடுத்தேன். செத்த மரம் என்றால் எனக்குத் தெரியும். ஏரிக்குள் மொட்டையாக நிற்கும் மரம், கலிங்குக்கு முன்னால் கடைசி அடையாளம் அதுதான். மூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச தூரம் ஓட்டுவேன், என்ஜினை நிறுத்திக் கேட்பேன். எஸ்தர் எல்லாரையும் டிபன் பாக்ஸைத் தட்டச் சொல்லியிருந்தாள். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு போனேன். போய்ச் சேர்ந்தபோது மரத்தைத் தாண்டிவிட்டார்கள். தண்ணீர் இழுப்பது என் படகிலேயே தெரிந்தது. கயிற்றை வீசினேன். முதல் தடவை விழவில்லை. இரண்டாம் தடவை நம் ரூபி அக்கா பிடித்தார்கள்.

கரைக்கு வந்ததும் எஸ்தர் சொன்னாள், ஆறு தடவை அழைத்தாளாம். ஒவ்வொரு தடவையும் கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தாளாம். "நீங்க கேப்பீங்கன்னு தெரியும்" என்றாள்.

நின்றுபோன என்ஜினைக் கிளப்ப இழுத்தபோது கயிறு அறுந்து ரபீக் பின்னால் விழுந்து, இரும்பில் மண்டை இடித்திருந்தது. நான்கு தையல். முதலாளி, செட்டையும் கெடுத்து என்ஜினையும் கெடுத்தவன் என்று அவரை நிறுத்திவிட்டுப் பெரிய படகை எனக்குக் கொடுத்தார். பத்து உயிரைக் காப்பாற்றியவன் என்று எனக்குச் சால்வை போட்டார்கள். நான் மாதக்கணக்கில் கேட்ட ஜெபத்துக்குப் பதில் வந்துவிட்டது. கேட்டபடியே படகு வந்தது, கேட்டபடியே அவர் இறங்கினார். மூன்று நாள் அந்தப் படகை ஓட்டினேன். செத்த மரம் பக்கம் திரும்பவே முடியவில்லை.

நான்காம் நாள் எஸ்தரிடம் சொன்னேன். அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "என்கிட்ட சொன்னா போதுமா? போய் அவருகிட்ட சொல்லுங்க" என்றாள். முதலில் முதலாளியிடம் சொன்னேன். பெரிய படகின் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். அப்புறம் திருக்கோவிலூர் பஸ் ஏறினேன்.

ரபீக் கடையில் தலைக்கட்டோடு உட்கார்ந்து அலுமினியக் குண்டானை அடுக்கிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். ரப்பர் பேண்டையும் சொன்னேன். சொல்லி முடித்ததும், மன்னிப்பு, காரணம் என்று இன்னும் ஏதாவது பேச வாய் துடித்தது. பேசவில்லை. காத்திருந்தேன். அவர் மூன்று குண்டான் அடுக்கினார்.

"உங்க வூட்டுக்காரம்மா அந்தப் படகுல இருந்தாங்கோ" என்றார்.

"ஆமா, பாய்."

இன்னும் இரண்டு குண்டான். பிறகு ஒரு ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளினார். "உக்காருங்க. அந்தக் கடல் பேச்ச ஒவ்வொண்ணா சொல்லுங்க. மூணு தடவை பேரு, அப்புறம் இன்னா?"

முதலாளி திரும்பக் கூப்பிட்டு, இப்போது அவர் மறுபடி பெரிய படகில். என்னையும் அனுப்பிவிடவில்லை, நான் மறுபடி கயிறு பிழிகிறேன். மிதிபடகைப் பார்த்துக்கொள்ளும் ஆட்களுக்கும் சேர்த்து விதிகளை அட்டையில் எழுதிக் கட்டியிருக்கிறோம். எழுதியது ரபீக், அவருடைய எழுத்து என்னுடையதைவிட அழகு. அதைப் பார்த்தாலும் கொஞ்சம் பொறாமை வருகிறது. பொய் சொல்ல மாட்டேன். வரும்போதெல்லாம் உடனே ஆண்டவரிடம் சொல்லிவிடுகிறேன்.

என் மனைவியைத் திருப்பிக் கொடுத்தவருக்கு நன்றி சொல்கிறேன். அன்று அந்தப் படகில் இருந்தவர்களே, என்னை மன்னியுங்கள். பதில் வரவில்லை என்று அழுகிறவர்கள் உங்களில் இருந்தால், நான் சொல்வதைச் செய்து பாருங்கள். யார் என்று சொல்லுங்கள், எங்கே இருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள், என்ன வேண்டும் என்று சொல்லுங்கள். அப்புறம் விரலை எடுத்துவிடுங்கள். அவர் பேச நேரம் கொடுங்கள்.

தினமும் கடைசிச் சுற்று முடிந்து ரபீக் அழைப்பார். "கரை, கரை, கரை. பெரிய படகு பேசறேன். திரும்பிக்கினு இருக்கோம். எல்லாரும் பத்திரம். ஓவர்." நான் உடனே பதில் சொல்வதில்லை. ஒரு மூச்சு நேரம் கேட்டுவிட்டுத்தான் பட்டனைத் தொடுகிறேன்.